எத்தனை உழவு மழை?

சூலூர் பஸ் நிறுத்தத்தில் நண்பர் தன் காலுறைகளைக் கழற்றிப் பிழிந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் அரை டம்ளர் தண்ணீராவது வந்திருக்கும். பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே, "எனக்கு இது சரிப்பட்டு வராதுங்க. நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கோவை பஸ்ஸில் ஏறிக்கொண்டார். கிளம்பி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, பொறாமைதான். பஸ் கிளம்பும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். எங்கிருந்து எடுத்தாரோ, காய்ந்த துண்டு.

பேரூர்ப் படித்துறையில் தொடங்கி நொய்யலை ஒட்டியே காவிரி வரை நடப்பது என்று மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊரில் காவிரியோடு கலக்கிற ஆறு. மொத்த நீளம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். மலைப்பகுதியை விட்டுவிட்டு, குளத்துக் கரை, வாய்க்கால் மேடு, கம்பி வேலியால் வரும் சுற்று எல்லாம் சேர்த்தால் எங்களுக்கு ஒரு நூற்றைம்பது சொச்சம் வரும். எட்டு நாள் விடுப்பு, முதுகில் ஒன்பது கிலோ பை. ஆண்டில் பெரும்பகுதி இந்த ஆற்றில் ஓடுவது ஊர்ச் சாக்கடைதான். தண்ணீரோடு பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில்தான் போக வேண்டும். அதனால் நவம்பரைத் தேர்ந்தெடுத்தோம். தண்ணீர் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது தலைமேலேயே வந்தது.

"ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்ற பழமொழியைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆளை வீட்டுக்குள் போட்டு அடைத்துவைப்பதால்தான் அது அடைமழை என்று என் அமுச்சி சொல்லுவார். வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவனுக்கு அது என்ன மழை என்று அவர் சொல்லவில்லை. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையாக இருந்தால் ஒதுங்கி நின்று சமாளித்துவிடலாம். நாங்கள் மாட்டியது சோனை மழை. விடியலில் பிடித்தது மத்தியானம் லேசாகக் கண் திறக்கும், மாலையில் மறுபடி மூடிக்கொள்ளும். குடை விரித்தால் பக்கவாட்டில் வரும், மடக்கினால் நேராக வரும்.

கொங்கு நாட்டுக்கு இது அன்றாடம் கிடைக்கிற பொருள் அன்று. தென்மேற்குப் பருவமழையை மலைகள் மேற்கிலேயே வாங்கிக்கொள்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். காற்றாலைகள் சுற்றும், மண் நனையாது. கோவை மாவட்டத்துக்குள்ளேயே வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு தமிழகத்தின் பெருமழை இடங்களில் ஒன்று. மலைக்கு இந்தப் பக்கம் கோவை நகரத்துக்கு ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அந்தச் சில வாரங்கள் பொய்த்தால் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறும் புழுதிதான் கக்கும்.

ஆகவே எனக்கு ஒரு விசித்திரமான சங்கடம். நெடுநடைக்காரர்களின் எழுத்துகளை நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் குளிர்நாட்டவர்கள். அவர்களுக்கு மழை என்றால் பகை, 'மோசமான வானிலை'. மழை நாளில் நடந்தவர்கள் மாலையில் ஒன்றாக உட்கார்ந்து வானத்தைத் திட்டித் தீர்ப்பார்கள், அதில் ஒரு ஆறுதல் உண்டு. எனக்கு அந்த ஆறுதல் கிடைக்கவே இல்லை. வழியில் பார்த்த அத்தனை பேரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். சொட்டச் சொட்ட ஒரு டீக்கடைக்குள் நுழைந்து, "என்ன மழைங்க இது" என்று நான் முகம் சுளித்தால், "ஆமாங்க, நல்ல மழை" என்று முகமெல்லாம் மலர்ந்து பதில் வரும்.

இருகூர்ப் பக்கத்தில் ஒரு லாரி கடந்துபோன வேகத்தில் என் பையின் மழையுறை கழன்று பறந்துபோனது. போனால் போகட்டும். அந்த உறையால் பெரிய பயன் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. மழை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. கழுத்து வழியாக இறங்கி, முதுகுக்கும் பைக்கும் நடுவில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு பைக்குள் இறங்குகிறது. வெளியே உறை போடுவதைவிட உள்ளே ஒரு கனத்த பாலித்தீன் பையை வைத்து, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு, வாயை முறுக்கிக் கட்டிவிடுவதுதான் நம்பகமானது. சூலூரில் ஓர் உரக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். கடைசிவரை அதற்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

மழைக்கோட்டு விஷயத்தில் நான் ஏமாந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து நீரை விடாது, உள்ளேயிருந்து வியர்வை ஆவியை வெளியேற்றும், 'மூச்சுவிடும் துணி' என்று சொல்லி விற்றார்கள். விலையைச் சொன்னால் வீட்டில் இன்னொரு முறை சண்டை வரும். பொய்யான சரக்கு என்று சொல்ல மாட்டேன். அந்தத் துணிக்கு ஒரு நிபந்தனை உண்டு: கோட்டுக்கு உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகமாக, வெளியே குளிர்ந்து உலர்ந்து இருந்தால்தான் ஆவி அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். நம் ஊர் நவம்பரில் வெளியே இருபத்து மூன்று, இருபத்து நான்கு டிகிரி வெப்பம். காற்றிலோ இனி இடமில்லை என்கிற அளவு ஈரம். ஆவி எங்கே போகும்? மேல்துணியின் பூச்சு தேய்ந்து அது நீரை உறிஞ்சத் தொடங்கிவிட்டால் இருக்கிற வழியும் அடைபட்டுவிடும். ஒன்பது கிலோவைச் சுமந்து நடக்கிறவன் இட்லிச் சட்டிக்குள் நடக்கிறான். கோட்டைக் கழற்றினால் மழையில் நனைவேன், போட்டால் என் வியர்வையிலேயே நனைவேன். எது சுத்தமான தண்ணீர் என்று பார்த்து மழையைத் தேர்ந்தெடுத்தேன்.

சாமளாபுரம் குளத்துக் கரையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். நான்கைந்து ஆடுகளை மேய்த்துக்கொண்டு நின்றார். தலையில் கொங்காடை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சாக்கின் அடி மூலை ஒன்றை உள்ளே தள்ளி மற்ற மூலைக்குள் செருகினால் ஒரு கூம்பு கிடைக்கும். அதைத் தலையில் கவிழ்த்தால் சாக்கின் மீதி முதுகு முழுவதையும் மூடித் தொங்கும். என் சிறுவயதில் சணல் சாக்கு. மழை நின்றபிறகும் மாட்டுக் கொட்டகை முழுக்க அதன் ஈர வாடை இருக்கும். இந்த அம்மாவுடையது 45 கிலோ யூரியாச் சாக்கு, வெள்ளை. முன்பக்கம் திறந்திருக்கிறது, காற்று ஓடுகிறது, வியர்வை தங்குவதில்லை, இரண்டு கைகளும் சும்மா இருக்கின்றன. என் கோட்டை வடிவமைத்தவர்கள் எதையெல்லாம் சாதிக்க முயன்று தோற்றார்களோ அதையெல்லாம் ஒரு மடிப்பில் முடித்துவிட்டார். "நனைந்துகொண்டு எங்கே கண்ணு போகிறாய்?" என்று கேட்டார். காவிரிக்கு என்றேன். ஆடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பஸ் இல்லையா அங்கே?"

அன்று மாலையே பெரிய சாக்கு ஒன்றைப் பத்து ரூபாய்க்கு வாங்கி, தலையோடு பையும் சேர்ந்து மறைகிற மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டேன். கோட்டு அதன் பிறகு பைக்குள் கிடந்து எடையை மட்டும் கூட்டியது.

கால்தான் மழைநடையில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நாள் முழுக்க ஊறிய பாதம் மாலையில் அவித்த பிடி கொழுக்கட்டை மாதிரி இருக்கும்: வெள்ளை, சுருக்கம், தொட்டால் பிய்ந்துவிடும் போன்ற மென்மை. தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குவது வெறும் ஊறலால் மட்டும் அன்று, நரம்புகளின் வேலை. நரம்பு அறுந்த விரல் ஊறினாலும் சுருங்குவதில்லை. ஆனால் பாதத்தின் அடித்தோல் தடித்தது. தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். உப்பிய தோல் காலணிக்குள் இழுபட்டால் கொப்புளம், விரலிடுக்கில் வெடித்தால் சேற்றுப்புண். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குள் நின்றே சிப்பாய்களின் கால்கள் அழுகின. காலுறையை மாற்றி, பாதத்தில் திமிங்கில எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று பிரிட்டிஷ் படையில் கட்டளையே போட்டார்கள். நம் நெல் வயலில் நடவுக்கு இறங்குகிறவர்கள் வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவிக்கொள்வதும் அதே கணக்குதான்.

நான் கடைப்பிடித்தது இவ்வளவுதான். மத்தியானம் எங்கே கூரை கிடைத்தாலும் அரை மணி நேரம் காலணியைக் கழற்றிப் பாதத்தைக் காற்றில் வைப்பது. வேப்பெண்ணெய் தடவுவது. இரவுக்கென்று ஒரு ஜோடிக் காலுறையும் ஒரு பனியனும் ஒரு லுங்கியும் பாலித்தீனுக்குள் தனியாக. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் காலையில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஈரத் துணிக்குள் மறுபடி நுழைவது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் மனவலிமை வேண்டும். விடியல் ஐந்தரை மணிக்கு ஈரக் கால்சட்டைக்குள் காலை விடுகிற அந்த ஒரு விநாடியில் நண்பரின் பஸ் ஒவ்வொரு நாளும் என் கண்முன் வந்து நின்றது.

திருப்பூரில் மூன்றாம் இரவு ஒரு லாட்ஜில் தங்கினேன். மின்விசிறிக்குக் கீழே கட்டிய கயிற்றில் துணி காயவில்லை, நாற்றம் மட்டும் அறை முழுவதும் சுற்றியது. பருத்தி ஈரத்தை விடாது. பனியன் ஊரில் உட்கார்ந்துகொண்டு பருத்தியைக் குறை சொல்லக் கூடாதுதான், ஆனால் உண்மை. காலையில் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் போய்த் தயங்கித் தயங்கி இரண்டு ஜோடிக் காலுறைகளை நீட்டினேன். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரிப் பெட்டியை வைத்து அழுத்தினார், சுர்ரென்று புகை எழுந்தது, நான்கையும் மடிப்புக் கலையாமல் அடுக்கிக் கொடுத்தார். காசு எவ்வளவு என்றேன். "காலுறைக்கு ரேட் இல்லைங்க" என்றார்.

திருப்பூருக்குக் கீழே ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஆனால் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு தடுப்பணைக்குக் கீழே நுரை ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. காற்றடித்தால் பஞ்சுப் பொதி மாதிரி பிய்ந்து வரப்பில் வந்து உட்கார்ந்தது. மழைவெள்ளத்தில் கரைந்து போகும் என்று யாரோ எங்கோ எதையோ திறந்துவிடுகிறார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு நிலைமை எவ்வளவோ மேல் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் பாசனத்துக்கென்று கட்டினார்கள். கடைசியில் அது சாயக்கழிவு தேங்குகிற தொட்டியானது. கரையில் நின்று பார்த்தேன். மழை எல்லாத் தண்ணீரையும் ஒரே நிறமாக்கிக் காட்டியது.

ஆறாம் நாள் இரவுதான் இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமானது.

கரிசல் காடு ஒன்றின் ஓரமாக இட்டேரியில் போய்க்கொண்டிருந்தேன். இருபக்கமும் கிளுவை வேலி, நடுவில் சேறு. கரிசல் மண் நனைந்தால் காலணியில் அப்பும், அப்பியதன்மேல் இன்னும் அப்பும். பத்தடிக்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ. குச்சியால் வழித்துவிட்டு நிமிர்வதற்குள் மறுபடி அப்பியிருக்கும். "கழற்றிக் கையில் எடுத்துக்கொள் சாமி" என்று ஒரு குரல். வேலிக்கு அப்பால் ஒரு பெரியவர், கொங்காடையோடு. என் தலையிலும் கொங்காடையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருட்டப்போகிறது, இனி எங்கே போவாய் என்று தோட்டத்துச் சாளைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

உட்காரச் சொல்லவில்லை, யார் என்று கேட்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "மேற்கே எத்தனை உழவு மழை?"

இதே கேள்வியை அதற்குள் பலர் கேட்டிருந்தார்கள். சோமனூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில், மங்கலத்தில் ஒரு பாலத்தடியில். மேற்கேயிருந்து நடந்து வருகிறவன் என்றால் மழைச் செய்தி கொண்டுவருகிறவன் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நானும் கைபேசியைப் பார்த்து நாற்பது மில்லிமீட்டர், இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று சொல்லிவைத்தேன். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மறுபடி, "எத்தனை உழவு இருக்கும்?" என்பார்கள். அந்தக் கணக்கு என் அப்பாருவோடு போய்விட்டது. நான் கணினி முன்னால் உட்கார்கிற ஆள்.

பெரியவரிடம் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அவர் சாளை எரவாணத்தில் செருகியிருந்த களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, டார்ச்சை என் கையில் கொடுத்து, கொள்ளு விதைத்திருந்த காட்டுக்குள் இறங்கினார். குனிந்து நான்கு கொத்து. வெட்டுவாயில் வெளிச்சம் அடிக்கச் சொன்னார். மேலே கறுத்து மினுமினுவென்று ஒரு சாண் ஈரம். அதற்குக் கீழே கத்தியால் கோடு கிழித்தது போல நிறம் மாறி, வெளுத்த மண். விரலை விட்டு நோண்டினார். பொடியாக உதிர்ந்தது. ஆறு நாளாக என் எலும்பு வரை இறங்கியிருந்த மழை அந்த மண்ணில் ஒரு சாண்தான் இறங்கியிருந்தது.

"மேலே சேறு, கீழே புழுதி. கலப்பைக் கொழு இறங்குகிற ஆழத்துக்கு நனைந்தால் ஒரு உழவு. இது ஒரு உழவுக்குக் கொஞ்சம் கூட" என்றார். "மேலீரமும் அடியீரமும் கை கோத்தால்தான் மழை. இதெல்லாம் தூவானம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கார ஆத்தா அரிசியும் பருப்புஞ்சோறு ஆக்கியிருந்தார். ஆவி பறக்கிற சோற்றில் நெய்யை விட்டு, தொட்டுக்கொள்ள ஊறுகாயும் வைத்தார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் கண்ணு என்று மூன்று தடவை. விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்ததால் அணைத்துவிட்டு அடுப்பு வெளிச்சத்தில் சாப்பிட்டோம். என் காலணிகளுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து அடுப்படிக்கு எட்டத்தில் வைத்தார். பக்கத்தில் வைத்தால் பசை விட்டுப் பிளந்துவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. காய்ந்த காலுறைகளைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் சாக்குப் போர்வைக்குள் படுத்தேன். ஓட்டுக் கூரையில் மழை. பக்கத்தில் மாடு அசைபோடுகிற சத்தம். நடுச்சாமத்தில் மழை நின்றது. இருட்டில் பெரியவரின் கட்டில் கிரீச்சிட்டது. எழுந்து வாசல்வரை போய் வானத்தைப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து படுத்தார். மறுபடி கூரையில் சடசடவென்று விழத் தொடங்கிய பிறகுதான் குறட்டை வந்தது.

மறுநாள் கிளம்பும்போது ஒரு முனை தேய்ந்த இரும்புக் கம்பியைக் கொடுத்தார். குத்திப் பார், பிடிக்கிற வரை ஈரம் என்றார். ஊன்றுகோலாகவும் ஆகும்.

கடைசி இரண்டு நாளும் நான் நடந்த நடை வேறு. முந்தைய நாள் பார்த்த கொடுமணலைப் பற்றித்தான் விரிவாக எழுதுவதாக நினைத்திருந்தேன். சங்கப் பாடல்களில் கொடுமணம் என்று வருகிற ஊர், மணிக்கல் அறுத்த ஊர், இரும்பு உருக்கிய ஊர், மேற்குக் கடற்கரைக்கும் கரூருக்கும் போன வணிகப் பாதையில் இருந்த ஊர். அந்த வணிகர்களும் இந்தக் கரையில் இப்படித்தான் காலில் மண் அப்பி நின்றிருப்பார்களோ என்று யோசித்துக்கொண்டு நின்றது உண்மைதான். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தால் கம்பிதான் ஞாபகம் வருகிறது. காட்டுக்குக் காடு நின்று குத்திப் பார்த்துக்கொண்டே போனேன். செம்மண்ணில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கரிசலில் ஒரு சாணுக்கு மேல் முரண்டு பிடித்தது. கொழுக்கட்டைப் புல் முளைத்த கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், வெள்வேல மரத்தடியில், இரண்டு காங்கேயம் மாடுகள் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. எனக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று தெரியவில்லை. அது என் காடுகூட இல்லை.

ஆத்துப்பாளையம் அணையைத் தாண்டிய பிறகு மழை வலுத்தது. இந்த முறை நான் வானத்தை ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு நொய்யல் ஊருக்குள் நுழைந்தேன். முதலில் காவிரியைப் பார்க்கப் போயிருக்க வேண்டும், டீக்கடைக்குப் போனேன். கொங்காடையைக் கழற்றி உதறிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் என்னைச் சுற்றித் தரையில் ஒரு குளம் கட்டியது. சேற்றில் முக்கியெடுத்த கால், கையில் கம்பி. கடைக்காரர் டீயை நீட்டிக்கொண்டே எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர் செய்தித்தாளை மடித்தார்.

"மேற்கே எத்தனை உழவுங்க?"

"திருப்பூருக்கு இந்தப் பக்கம் கரிசல் எல்லாம் ஒரு உழவுக்குக் கொஞ்சம் கூடங்க. கொறங்காட்டுப் பக்கம் இரண்டு உழவு தாராளம்" என்றேன்.

அவர் தெருவைப் பார்த்தார். ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது.

"கொடுத்துவைத்தவர்கள். எங்களுக்கு இன்னும் ஒரு உழவுகூடத் தேறவில்லைங்க" என்றார்.